கிரஷ் பாட்டின் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சியில் ஏறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும் பஸ்களில் காலை வேளையில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம் நெருக்கும். யாராவது ஒருவர் கைபேசியில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே வருவார். தமிழ்ப் பாட்டு, மலையாளப் பாட்டு, கொரியப் பாட்டு என்று எது வந்தாலும் பாடுகிற குரல் ஒன்றுபோலவே கேட்கும்: மெல்லியதாக, அவசரமாக, மூச்சு வாங்க நேரமில்லாததுபோல. பாடியவருக்கு ஐம்பது வயது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இவை வேகம் கூட்டிய பாட்டுகள். அதிலும், மனத்துக்குப் பிடித்தவரிடம் இன்னும் வாய் திறக்காதவர் பாடும் பாட்டுதான், பிள்ளைகள் சொல்கிறபடி கிரஷ் பாட்டுதான், இந்த வித்தைக்கு அதிகம் ஆளாகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. பதிவான பாட்டை அப்படியே வேகமாக ஓட்டினால் அது சீக்கிரம் முடிந்துவிடும் என்பது சின்ன விஷயம். பாடியவரின் வயது குறைந்துவிடும் என்பதே பெரிய விஷயம். முப்பது வயதுக் குரல் பதினேழு வயதுக் குரலாகும்போது, அந்த வயதின் தயக்கமும் படபடப்பும் கூடவே வந்துவிடுகின்றன. அளவு கொஞ்சம் தவறினாலோ பதினேழு ஐந்தாகிவிடும். ஐந்து வயதுக் குழந்தை காதல் பாட்டுப் பாடுவதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த அளவைப் பற்றியவை.

வித்தை ஒன்றும் புதிதல்ல. இசைத்தட்டுக் காலத்தில் 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டை மைக் செட்காரர் கவனக்குறைவாக 45-ல் வைத்துவிட்டால், கல்யாணப் பந்தலில் பாகவதர் குழந்தையாகிவிடுவார். அது 1.35 மடங்கு வேகம், இன்றைய ரீல்ஸைவிடவும் அதிகம். 1958-ல் அமெரிக்காவில் ராஸ் பக்தசாரியன் என்பவர், மெதுவாகப் பாடிப் பதிந்த குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அணில்கள் பாடுவதுபோன்ற இசைத்தட்டை வெளியிட்டுப் பெரும் பணம் பார்த்தார். 2000-களின் தொடக்கத்தில் நார்வேயில் இரண்டு மாணவர்கள் பள்ளிச் செயல்திட்டம் ஒன்றுக்காக நடனப் பாட்டுகளை வேகம் கூட்டி வெளியிட, அவர்கள் வைத்துக்கொண்ட நைட்கோர் என்ற பெயரே பிறகு ஒரு வகைக்குப் பெயராயிற்று. 2022-ல் ஸ்டீவ் லேசியின் ‘பேட் ஹாபிட்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விரும்பியவருக்கும் தன்மேல் விருப்பம் இருந்ததைத் தெரிந்துகொள்ளாமல் போனவர் பாடும் பாட்டு அது. அதன் வேகம் கூட்டிய வடிவத்தை இசை நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. ரசிகர்கள் வீட்டில் செய்துகொண்டிருந்ததை நிறுவனங்கள் கடையில் வைக்கத் தொடங்கிய காலம் அது.

யூடியூப் வேகமும் இந்த வேகமும் ஒன்றல்ல

முதல் குழப்பத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். யூடியூபில் வேகத்தை 1.25 என்று வைத்துப் பாட்டைக் கேட்டுவிட்டு, “ரீல்ஸில் வருவதுபோல் இல்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்காது. யூடியூப் நேரத்தை மட்டும் சுருக்குகிறது. சுருதி ஏறாமல் கணக்குப் போட்டுப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாடம் கேட்கவும் செய்தி கேட்கவும் அது நல்லது. பாட்டிலோ அதே ஆள் அவசரப்படுவதுபோல் கேட்கும், வயது குறையாது. தாளத்தின் அடிகள் சற்றுக் கலங்கியும் கேட்கும்.

ரீல்ஸில் வருவது இசைத்தட்டு வழி: வேகம் ஏற, சுருதியும் கூடவே ஏறும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. டெம்போவை, அதாவது தாளத்தின் வேகத்தை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாமல், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையை எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் 33⅓, 45, 78 என்ற இசைத்தட்டுச் சுற்றுகளும் தேர்வுகளாக இருக்கும். யாரோ ஒரு பழைய ரசிகர் செய்த வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாக் குரலுக்கும் ஒரே எண்

தவறுகளில் மூத்தது இது. 1.25 என்ற எண்ணை யாரும் யோசித்து எடுப்பதில்லை. கையில் அகப்படுவது அது, பழகிவிட்டதும் அது. ஆண் குரலா பெண் குரலா, மெதுவான பாட்டா துள்ளலா என்று பார்க்காமல் அதையே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள்.

குரலுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள பாதை வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 14. இந்தப் பாதையின் நீளமே குரலின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பதிவை 1.25 மடங்கு வேகமாக ஓட்டும்போது அதில் உள்ள எல்லா அதிர்வெண்களும் 1.25 மடங்கு உயர்வதால், அந்தப் பாதை அந்த அளவுக்குக் குட்டையானதுபோலக் காது எடுத்துக்கொள்கிறது. 17 சென்டிமீட்டர் 13.6 ஆகிறது. அதாவது ஆணின் குரல் பெண்ணின் அளவுக்கு, அல்லது மீசை அரும்பும் பையனின் அளவுக்கு வந்து நிற்கிறது. கிரஷ் பாட்டுக்கு அது பொருத்தம்தான். அதே எண்ணைப் பெண் குரலுக்குப் போட்டால் 14 சென்டிமீட்டர் 11.2 ஆகிவிடும். அது சிறு குழந்தையின் தொண்டை. ஆகவே ஆண் குரலுக்கு 1.25 வரை தாராளமாகப் போகலாம், பெண் குரலுக்கு 1.12-க்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. ஏற்கெனவே மேல் ஸ்தாயியில் பாடப்பட்ட பெண் குரலாக இருந்தால் 1.06-லேயே நிறுத்திவிடுவேன்.

இதில் ரசனையைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. சில பாட்டுகளின் வரிகள் கிரஷ்ஷோடு நிற்பதில்லை. உடலைப் பற்றி, இரவைப் பற்றிப் போகும். வளர்ந்தவர் வளர்ந்தவருக்குப் பாடிய அந்த வரிகளைக் குழந்தைக் குரலில் கேட்க வைப்பது அசிங்கம். வேகம் கூட்டும் முன் வரிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

கமகம், அதாவது சுரங்களை வளைத்து அசைத்துப் பாடுவது, நிறைந்த பாட்டுகளையும் விட்டுவிடலாம். எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளியும் பி.லீலா பிறந்த சித்தூரும் இந்தப் பக்கத்து ஊர்கள், செம்பை கிராமமும் தூரமில்லை. பழைய பாட்டுகளின்மேல் இங்கே பலருக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதனாலேயே அவற்றை எடுத்து வேகம் கூட்டிப் பார்க்கும் ஆசையும் வருகிறது. நல்ல பாடகரின் குரல் அசைவு நொடிக்கு ஐந்தாறு முறை இருக்கும். ஆறு என்று வைத்துக்கொண்டால், 1.25-ல் அது ஏழரை ஆகிறது. ஐந்தாறில் இனிமையாகக் குழைந்த குரல் ஏழரையில் குளிரில் நடுங்குவதுபோல் கேட்கும். கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் கணீர்க் குரலை ஒரு முறை இப்படி ஓட்டிப் பாருங்கள், உடனே அழித்துவிடுவீர்கள். நேராக, அசைவில்லாமல், பேசுவதுபோலப் பாடும் இன்றைய பாட்டுகள்தான் இந்த வேகத்துக்குத் தாங்கும்.

தாளத்தின் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 96 அடி விழும் பாட்டு 1.25-ல் 120 ஆகி ஆடத் தோன்றும் வேகத்துக்கு வரும். ஏற்கெனவே 130-ல் ஓடும் பாட்டு 162-ஐத் தாண்டும். அப்போது காதில் விழுவது படபடப்பு அல்ல, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனின் மூச்சு.

சுருதி எங்கே போய் நிற்கிறது

பாலக்காட்டுக் கல்லூரி விழாக்களில் வேகம் கூட்டிய பாட்டை ஓடவிட்டு, மேலே கீபோர்டு வாசிக்கிறார்கள், கூடப் பாடவும் செய்கிறார்கள். எங்கோ ஒட்டவில்லை என்று மட்டும் தெரியும், எங்கே என்று தெரியாது. வாசிப்பவர்மேல் பழி விழும். பழி 1.25-ன் மேல் விழ வேண்டியது.

சங்கீதம் கற்றவர்களுக்கு இது சுவையான இடம். 1.25 என்பது நான்குக்கு ஐந்து. சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே இசை நூல்கள் சொல்லும் விகிதமும் அதுவே. 1.125 என்றால் எட்டுக்கு ஒன்பது, சதுச்ருதி ரிஷபம். 1.5 என்றால் பஞ்சமம். அதாவது 1.25-ல் ஓட்டும்போது, பாட்டின் ‘ச’ தன் பழைய ‘க’ இருந்த இடத்தில் போய் உட்காருகிறது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வார்கள்; ஒரு கட்டை சுருதியில் பாடிய பாட்டு மூன்று கட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பக்கத்தில்தான், மூன்று கட்டையிலேயே அல்ல. கீபோர்டிலும் ஹார்மோனியத்திலும் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு அரைச்சுரம் ஏறினால் அதிர்வெண் 1.0595 மடங்காகும். நான்கு அரைச்சுரம் ஏறினால் ஏறக்குறைய 1.26. நாம் போட்டதோ 1.25. அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு குறைவு. தனியாகக் கேட்டால் ஒன்றும் தெரியாது, கீபோர்டோடு சேர்ந்தவுடன் உரசும். ஆகவே கூட வாசிக்கவோ, இரண்டு பாட்டுகளை ஒட்டவோ எண்ணம் இருந்தால் 1.06, 1.12, 1.19, 1.26 ஆகிய நான்கு எண்களுக்குள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அரைச்சுரங்கள் ஏற்றும். கட்டை கணக்கில் வாசிப்பவருக்கும் சொல்லிவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, வேகம் கூட்டிய வடிவத்தை வைத்தே பாட்டைப் பாடிப் பழகுவது. மூலத்தை ஒரு முறைகூடக் கேட்டிராத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் அந்த உயரத்தை எட்டத் தொண்டையை இறுக்கிப் பாடி, ஒரு வாரத்தில் குரல் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சுருதியில் எந்த மனிதத் தொண்டையும் பாடியதில்லை, எந்திரம் ஏற்றியது அது. மூலத்தைக் கேட்டு, தன் குரலுக்கு எந்தக் கட்டை என்று பார்த்துக்கொண்டு பாடுவதே வழி. மூச்சு எடுக்கும் இடங்களும் அப்படித்தான். பாடகர் அரை நொடி நிறுத்திய இடம் வேகத்தில் சுருங்கிவிடும். அதைப் பார்த்து மூச்சு எடுக்காமல் பாடினால் வரியின் பாதியில் திணற வேண்டும்.

சோகத்தைக் கிரஷ் என்று அனுப்புவது

எல்லையோரத்துக்கே உரிய தவறு இது. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்களுக்கு இரண்டு மொழிப் பாட்டும் புரியும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே போனால் மலையாளம் காதுக்குப் பழக்கம், பொருள் அரைகுறை. வேகம் கூட்டிவிட்டாலோ அந்த அரைகுறையும் போய்விடும். மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். துள்ளலாக இருக்கிறதே என்று ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள். மறுபக்கத்தில் மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருத்தி அதைக் கேட்கிறாள். அது பிரிந்து போனவரை நினைத்துப் புலம்பும் பாட்டு, அல்லது இறந்தவரை நினைத்துப் பாடும் பாட்டு. அவள் என்னவென்று எடுத்துக்கொள்வாள்?

துள்ளல் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. வேகத்தைக் கூட்டும்போது எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் ராகம் மாறுவதில்லை. சோக ராகம் சோக ராகமாகவே இருக்கிறது, ஆதார சுருதியும் காலமும் மட்டும் மாறுகின்றன. அழுகைக்குரிய சுரங்கள் ஓட்டமாக வரும்போது கிடைக்கும் அந்தப் புளிப்பும் இனிப்புமான சுவைதான் இந்தப் பாட்டுகளின் கவர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாத பிரியத்துக்கும் அதே சுவை. அதனால் சோகப் பாட்டை எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சோகம் எந்த வகை என்று தெரிந்து எடுங்கள். ஏக்கத்தை வேகம் கூட்டலாம், ஒப்பாரியைக் கூட்டக் கூடாது.

பாட்டு பொருந்தியிருந்தாலும் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிக்கிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கிரஷ் பாட்டில் உயிர் இருப்பது பெரும்பாலும் பல்லவிக்கு முந்தைய அந்தத் தயங்கும் இடத்தில்தான். எல்லோரும் பல்லவியின் உச்சியிலிருந்து வெட்டுகிறார்கள். தயக்கத்தை வெட்டிவிட்டு முழக்கத்தை மட்டும் வைத்தால், சொல்லாத காதல் எப்படிக் கேட்கும்? நேரமில்லை என்பது சாக்கு. 15 நொடித் துண்டில் 1.25 வேகத்தில் ஏறத்தாழ 19 நொடிப் பாட்டு அடங்கும். கூடுதலாகக் கிடைத்த அந்த நான்கு நொடியைத் தயக்கத்துக்குக் கொடுங்கள்.

சின்னத் தவறுகள்

ஏற்கெனவே வேகம் கூட்டிய துண்டை எடுத்து மீண்டும் கூட்டுவது. 1.2-ன் மேல் 1.2 போட்டால் 1.44 ஆகிவிடும். மூலத்தைத் தேடி எடுக்கச் சோம்பல்படுவதால் வருவது இது. போதாததற்கு, கைமாறிக் கைமாறி ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்ட பதிவில் தாளத்தட்டுகள் சலசலவென்று தண்ணீர்போலக் கேட்கும்.

ஒலியைச் சரிசெய்யாமல் விடுவது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் சீறல் வேகத்தோடு மேலே ஏறி, கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் காதைக் குத்தும். அந்தப் பகுதியைச் சற்று அடக்க வேண்டும். கீழே 50 ஹெர்ட்ஸில் முழங்கிய ஒலி 62-க்கு ஏறி, கனம் குறைந்துவிடும். கைபேசியில் இரண்டுமே கேட்காது என்பதால் வீட்டில் தெரியாது. பஸ்ஸிலும் மைக் செட்டிலும் போட்டால்தான் பாட்டு சப்பென்று இருப்பது தெரியும். எதிரொலியும் சுருங்கும். பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் இருந்த குரல் சின்ன அறைக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் பலரும் வேகம் கூட்டிய பிறகு எதிரொலி சேர்க்கிறார்கள். அது சரி, ஆனால் குரல் கிணற்றுக்குள் போகும் அளவுக்குச் சேர்க்கிறார்கள். செண்டை மேளம் வரும் பாட்டுகளை ஒன்றும் செய்ய வேண்டாம். கலாசம் என்னும் முத்தாய்ப்பைக் கொட்டும்போது அந்தக் கைகளின் வேகமே போதும்.

கணக்கில் ஒரு வழுக்கல்: 25 சதவீதம் வேகம் கூட்டினால் பாட்டு 25 சதவீதம் குறையும் என்று நினைத்து வீடியோவை வெட்டிவிடுகிறார்கள். குறைவது 20 சதவீதம். நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் 12 நொடிக்கு வரும்.

வேகம் மாற்றினால் பாட்டு நம்முடையதாகிவிடாது

“வேகத்தை மாற்றிவிட்டேன், காப்பிரைட் வராது” என்ற நம்பிக்கை எல்லையின் இரு பக்கமும் ஒரே உறுதியோடு இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு ஒலிப்பதிவை உள்ளடக்கி வேறொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமையும் உரிமையாளருக்கே உரியது. வேகம் கூட்டிய வடிவம் அதே பதிவின் இன்னொரு உருவம்தான். 15 நொடிக்குள் இருந்தால் இலவசம் என்ற விதியும் சட்டத்தில் கிடையாது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு, அதாவது உங்கள் காதுக்காகச் செய்துகொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. பொதுவில் ஏற்றுவது வேறு கதை. யூடியூபின் அடையாளம் காணும் கருவி வேகம் மாற்றிய பாட்டுகளையும் பல வேளைகளில் பிடித்துவிடுகிறது.

2012-ல் வந்த திருத்தம் பாடகர்களுக்கு இன்னொன்றையும் கொடுத்தது. தன் பாட்டைத் தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் அதைத் தடுக்கக் கேட்கும் உரிமை அது. சாதாரண ரீல்ஸ்மேல் யாரும் வழக்குக்கு வரப்போவதில்லை என்றாலும், கேலி செய்வதற்கென்றே ஒருவர் குரலைச் சிதைக்கும்போது இதை நினைவில் வைக்கலாம்.

பழைய பாட்டுதானே என்பதும் பாதி உண்மை. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் படைப்புக்கான உரிமை அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-ல். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுவது என்று முடிவுசெய்துவிட்டால், இசை நிறுவனமே வெளியிட்ட வேகம் கூட்டிய வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், செயலியின் சொந்தப் பாட்டுத் தொகுப்பிலிருந்தே அதை எடுக்கலாம், சிக்கல் குறைவு. பிடித்தவரின் புகைப்படத்தைக் கேட்காமல் பாட்டின்மேல் ஒட்டாதீர்கள். அவர் இன்னும் கேட்டிராத கேள்விக்கு ஊரே பதில் சொல்லத் தொடங்கிவிடும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைக் கீழே எழுதுங்கள். எத்தனை மடங்கு வேகம் கூட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதை எடுத்துப் போகிறவர் அதன்மேல் இன்னொரு 1.25 போடாமல் இருக்கவாவது அது உதவும்.